சோடியம் எலெக்ட்ரானை விரும்பியா தருகிறது?

பள்ளி வேதியியல் நூல்களில் வழிவழியாக வரும் ஒரு படத்தை வாசகர்கள் அறிவார்கள். இடப்புறம் சோடியம் அணு, வலப்புறம் குளோரின் அணு, நடுவே ஒரு வளைந்த அம்பு. சோடியம் தன் வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலெக்ட்ரானை 'இழக்க விரும்புகிறது' என்றும், குளோரின் அதை 'ஏற்க விரும்புகிறது' என்றும் படத்தின் கீழே எழுதியிருக்கும். இந்த விளக்கத்தின் பிற்பாதி சரி; முற்பாதி தவறு.

தனித்திருக்கும் ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரிக்க 496 கிலோஜூல் ஆற்றலை நாம் செலவிட வேண்டும். விரும்பித் தருபவனிடம் இவ்வளவு வலுக்கட்டாயம் எதற்கு? இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதே சோடியம் அணு ஓர் எலெக்ட்ரானை ஏற்றால் மோலுக்குச் சுமார் 53 கிலோஜூல் வெளிப்படுகிறது. சோடியம் எதிர் அயனி அடங்கிய படிகத்தை அமெரிக்க வேதியியலார் ஜேம்ஸ் டை 1974-இல் ஆக்கியே காட்டினார்.

குளோரின் எலெக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படுவது 349 கிலோஜூல். வரவையும் செலவையும் கழித்துப் பாருங்கள்: 147 கிலோஜூல் நட்டம்! அம்புக்குறிப் படம் இந்த நட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதை ஈடுசெய்வது மின்கவர்ச்சியே. கூலும் விதிப்படி கணக்கிட்டால், இரு அணுக்களுக்கும் இடைத்தொலைவு ஏறக்குறைய 0.94 நானோமீட்டருக்குக் குறைந்ததும் எலெக்ட்ரான் மாற்றம் இலாபமாகிவிடுகிறது. உப்புப் படிகத்திலோ இடைத்தொலைவு 0.28 நானோமீட்டர்தான், ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்துள்ளன. ஆகவே தனித்தனி அயனிகள் கூடி ஒரு மோல் படிகமாகையில் சுமார் 787 கிலோஜூல் வெளிப்படுகிறது. உலோகத்தை ஆவியாக்கவும் குளோரின் மூலக்கூறைப் பிளக்கவும் ஆகும் செலவு போகவும் மிச்சம் நிற்கிறது.

1916-இல் இக்கொள்கையை வகுத்த கோசெல் ஓர் இயற்பியலார். எதிரெதிர் மின்னூட்டங்களின் கவர்ச்சியைத்தான் அவர் பிணைப்பாகக் கொண்டார். நம் நூல்கள் அவருடைய எட்டு எலெக்ட்ரானை எடுத்துக்கொண்டு கவர்ச்சியை ஒரு வரியில் முடித்துவிட்டன. தொடக்க வகுப்பில் வாய்பாடு எழுத எண்ம விதி உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாய்பாடு எழுதும் வழியைக் காரணமாகச் சொல்லிக்கொடுத்தால், கேள்வி கேட்கும் மாணவன்தான் முதலில் இடறுவான்.

மக்னீசியம் இரண்டாவது எலெக்ட்ரானையும் இழக்கிறதே, சோடியம் ஏன் இழப்பதில்லை என்று அவன் கேட்கட்டும். மக்னீசியத்துக்கு அச்செலவு 1451 கிலோஜூல்; இரட்டை மின்னூட்டத்தால் வலுக்கும் படிகக் கவர்ச்சி அதைத் தாங்கும். சோடியத்துக்கோ 4562, எந்தப் படிகமும் தாங்காது. இரும்பைப் பற்றிக் கேட்டால்? அதன் அயனிகளின் வெளிக்கூட்டில் 14 அல்லது 13 எலெக்ட்ரான்கள்; துத்தநாக அயனியில் 18. எட்டு எங்கே? 'இவை விதிவிலக்கு' என்று நூல் ஒதுங்கிக்கொள்கிறது. ஆற்றல் கணக்கிலோ இவையும் மற்ற உலோகங்களைப் போலவே அடங்குகின்றன.