மணிபல்லவம்: ஆளில்லாத் தீவும் காப்பிய நோக்கும்

மணிமேகலையுள் வரும் மணிபல்லவம் எத்தீவு என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது. நயினாதீவு என்பார் ஒரு சாரார். யாழ்ப்பாணக் குடாநாடு என்பார் மற்றொரு சாரார். புகாருக்குத் தெற்கே 30 யோசனைத் தொலைவில் உள்ளதென்னும் காப்பியக் குறிப்பும், பீடிகைக்காக நாகவேந்தர் இருவர் பொருத கதை மகாவம்சத்து நாகதீபக் கதையோடு ஒத்தலும் இவர்தம் சான்றுகள். இவை எளிதில் தள்ளத்தக்கன அல்ல. எனினும், அஃது எங்குள்ளது என ஆராய்ந்தோர், எத்தகையது என்பதைப் பெரிதும் நோக்கினாரல்லர்.

சாத்தனார் காட்டும் மணிபல்லவத்தில் மக்கள் குடியிருப்பு இல்லை. காவல் தெய்வமாகிய தீவதிலகை உண்டு. கோமுகிப் பொய்கையும் பீடிகையும் உண்டு. மரக்கலங்கள் வந்து தங்கும், பின்னர் நீங்கும். பீலிவளை தன் மகவைக் கம்பளச் செட்டியிடம் ஒப்படைத்ததும் அவ்வாறு வந்ததொரு கலத்திலேயாம். நாகநாட்டைக் காப்பியம் வேறாகவே கூறுகின்றது. 1936-இல் வெளிப்பட்ட வல்லிபுரப் பொன்னேடோ, வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தை அமைச்சன் ஒருவன் ஆண்டமை கூறும். ஆட்சியும் குடியும் அமைந்த நிலப்பகுதியை ஆளில்லாத் தீவோடு ஒன்றெனத் துணிவது எங்ஙனம்?

இவ்வின்மை வெறும் வருணனை அன்று. 8ஆம் காதையில் கடற்கரையைக் கழனியாக உருவகிக்கும் புலவர், சங்கினை உழவனாகவும் முத்தினை விளைவாகவும் அமைக்கின்றார். ஆங்கு உழவுண்டு, உழும் மாந்தர் இல்லை. அத்தீவில் துயிலெழுந்த மணிமேகலைக்கு, சுற்றம் மறந்து வேற்றிடத்துப் பிறந்த உயிரை உவமை கூறுகின்றார். பழம்பிறப்பு உணர்தற்குரிய களத்திற்கு இதனினும் பொருத்தமான தொடக்கம் இல்லை எனலாம்.

ஆபுத்திரன் வரலாற்றில் இதன் பயன் முழுமையாக விளங்கும். சாவகத்தின் பசி தீர்க்கப் புறப்பட்ட அவன், காற்று மிகுதியால் தங்கிய கலத்தினின்றும் இத்தீவில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் எனக் கருதிக் கலம் சென்றுவிட்டது. கையில் அமுதசுரபி இருக்கின்றது. உண்பார் ஒருவரும் இலர். பல்லுயிர் ஓம்பும் பாத்திரத்தால் தன்னுயிர் மட்டும் ஓம்ப மனமின்றி, அதனைக் கோமுகியில் இட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். ஏற்பார் இல்வழி ஈகை இல்லை என்னும் உண்மையை ஆளில்லாத் தீவொன்றே இத்துணைத் தெளிவாகக் காட்டவல்லது. அவனைத் தேடி மீண்ட செட்டிகள் ஒன்பதின்மரும் ஆங்கே மாய்ந்தனர் என்பதும், பின்னர்ப் புண்ணியராசன் புன்னை நிழலில் மணலகழ்ந்து தன் பழைய உடம்பின் என்பினைக் கண்டான் என்பதும் இக்கருத்திற்கு அரண் செய்வன.

மணிமேகலையும் பாத்திரத்தை அங்கே பெற்றனளேயன்றி அங்கே பயன்படுத்தினாளல்லள். பசித்தோர் நிறைந்த புகாருக்கே கொண்டு சென்றாள். ஆதலின் மணிபல்லவத்தை நிலப்படத்தில் தேடுவோர், அதன் மக்களின்மையையும் ஒரு சான்றாகக் கொள்ளல் வேண்டும். அதனை விடுத்துச் செய்யும் இடத்துணிபு, தீவொன்றைக் காட்டலாம். சாத்தனாரின் மணிபல்லவத்தைக் காட்டாது என்பதே நம் கருத்து.