உள்ளங்கைக்கு ஊசி தேவைதானா?

பட்டுத் தறியில் உட்காருகிறவருக்கு உள்ளங்கை எந்நேரமும் ஈரமாக இருந்தால் பிழைப்பே சிக்கல்தான். வெளிர்நிறப் பட்டில் கறை ஏறும். ஜரிகையின் வெள்ளி கறுக்கும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் இப்படிக் கை வியர்க்கிறவரிடம் போடாக்ஸ் ஊசியைச் சிபாரிசு செய்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊசி பேர் வாங்கியது அக்குளில். அந்தப் பேரை நம்பி உள்ளங்கையை நீட்டுவதில்தான் எனக்குத் தயக்கம்.

மருந்து, போட்டுலினம் நச்சு. கெட்டுப்போன உணவில் ஆளையே கொல்லும் பொருள், இங்கே மிகமிகச் சிறிய அளவில். வியர்வைச் சுரப்பியைத் தூண்டும் அசிட்டைல்கோலின், நரம்பு நுனியிலிருந்து வெளிவராமல் தடுப்பது அதன் வேலை. கடுமையான அக்குள் வியர்வைக்கு இதைப் பயன்படுத்த 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. அயோடின் தடவி ஸ்டார்ச் மாவைத் தூவுவார்கள். வியர்க்கிற இடம் மட்டும் கருநீலமாகும். அங்கே பத்துப் பதினைந்து குத்து, ஓர் அக்குளுக்கு 50 யூனிட். சில நாளில் காய்ந்துவிடும், ஆறேழு மாதம் தாங்கும். களிம்புக்கு அடங்காத அக்குளுக்கு இது நல்ல வைத்தியம்; அதில் சந்தேகமில்லை.

உள்ளங்கைக்கு அந்த அனுமதி கிடையாது. டாக்டர்கள் தம் பொறுப்பில் போடுகிறார்கள், வியர்வையும் குறைகிறது. ஆனால் உள்ளங்கையில் வலி அதிகம். மணிக்கட்டில் மரத்துப்போக வேறு ஊசி போட வேண்டியிருக்கும். அதையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டைவிரலின் அடிச்சதையில் மருந்து இறங்கினால் பிடி தளர்கிறதே, அதுதான் பிரச்சினை. சில வாரங்களில் சரியாகிவிடும், உண்மை. மேசை வேலைக்காரருக்கு அது சின்ன அசௌகரியம். பாவு இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முறுக்கி இணைக்கிறவருக்கோ அது போன கூலி. திருப்புட்குழி போன்ற ஊரிலிருந்து பஸ் ஏறிப்போய், பல ஆயிரம் செலவழித்து, பலன் தீர்ந்ததும் மறுபடி அதே செலவு.

ஊசிக்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. நடுவயதில் திடீரென ஆரம்பித்த வியர்வை, தூக்கத்தில் நனைக்கிற வியர்வை என்றால் தைராய்டு, சர்க்கரை, காசநோய் பார்க்க வேண்டும். சிறுவயது முதலே இருப்பதென்றால் இரவில் அலுமினியம் குளோரைடு தடவிப் பார்க்கலாம். அடுத்தது அயன்டோஃபோரெசிஸ்: தட்டில் குழாய்த் தண்ணீர், அதில் கை, மெல்லிய மின்சாரம். வாரம் மூன்று தடவை, பிறகு இடைவெளி கூடும். ஆர்ஓ தண்ணீரில் உப்புச்சத்து இல்லாததால் மின்சாரம் சரியாக ஓடாது. சாதாரணத் தண்ணீரே மேல். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. சலிப்பூட்டும் வைத்தியம்தான், விளம்பரமும் இல்லை. ஆனால் மறுநாள் தறி ஓடும். நரம்பை வெட்டும் அறுவையை எளிதில் ஒப்புக்கொள்ளவே கூடாது: கை காய்ந்து, முதுகிலும் வயிற்றிலும் வியர்வை கொட்டத் தொடங்கினால் திரும்ப வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஊசியே என்றால், இரண்டு கையையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். எந்தக் கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று முதலில் விசாரிக்கிற டாக்டராகப் பார்த்துப் போகலாம்.