‘ரோபோ’வும் ‘எந்திர’னும்: புனைவுச்சொல்லின் கடன்பேறும் திணையும்

ஆய்வுச்சுருக்கம்

அறிவியல் புனைவுக்கென ஆக்கப்பட்ட சொல் அன்றாட வழக்கில் கலக்கும்போது, அது எழுப்பிய வினாவும் உடன் வருகின்றதா என்பதை ‘ரோபோ’ என்னும் சொல்லை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கின்றது. செக் மொழியில் அச்சொல் சுமந்த ‘கட்டாய உழைப்பு’ என்னும் பொருள் தமிழாக்கத்தில் விடுபட்டதையும், தமிழின் திணைப் பாகுபாடு அவ்வினாவின் ஒரு பகுதியை மீட்டளிப்பதையும் இது எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: புனைவுச்சொல், கடன்பேறு, ரோபோ, எந்திரன், திணை, வெட்டி.

முன்னுரை

கடன்பேறு பற்றிய ஆய்வுகள் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும் சொற்களையே பெரிதும் கருத்தில் கொள்கின்றன. கற்பனை உலகுக்கென ஆக்கப்பட்ட சொல் நடைமுறை உலகின் பெயராவதும் ஒருவகைக் கடன்பேறே. வில்லியம் கிப்சன் 1982இல் சிறுகதையொன்றில் கையாண்ட ‘சைபர்ஸ்பேஸ்’ பின்னர் இணையவெளிக்குப் பெயராயிற்று. நீல் ஸ்டீஃபன்சன் 1992இல் ‘ஸ்னோ கிராஷ்’ நாவலில் ‘மெட்டாவெர்ஸ்’ என்னும் சொல்லை வழங்கினார். அந்நாவலில் அரசு சுருங்கி, வணிக நிறுவனங்களே ஆட்சி செலுத்துகின்றன. 2021இல் ஃபேஸ்புக் நிறுவனம் ‘மெட்டா’ எனப் பெயர் மாற்றிக்கொண்டபோது அச்சொல் வணிக வாக்குறுதியாக மாறியது; நாவலின் எள்ளல் உடன் வரவில்லை. இத்தகைய இழப்பில் ஏற்கும் மொழியின் இலக்கணத்துக்குப் பங்கு உண்டா என்பதை அறிய, மிகப் பரவலாக வழங்கும் ‘ரோபோ’ தக்க சான்றாகும்.

சொல்லின் பிறப்பு

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகம் 1920இல் நூலாக வெளிவந்து, 1921இல் பிராக் நகரில் அரங்கேறியது. செயற்கைத் தொழிலாளருக்கு ‘லபோர்’ என்னும் அடியிலிருந்து பெயரமைக்க எண்ணியதாகவும், அது ஏட்டுத்தன்மையுடையதாகத் தோன்றவே ஓவியரான தம் தமையன் யோசெஃப் ‘ரோபோட்’ என்னும் பெயரை அளித்ததாகவும் சாப்பெக் பின்னர் குறிப்பிட்டார். ‘ரொபோதா’ என்பது குடியானவர் நிலவுடைமையாளருக்கு ஊதியமின்றிச் செய்த கட்டாய உழைப்பு. போஹீமியாவில் அதன் அளவை வரையறுத்து 1775இல் ஆணை பிறந்தது. 1848இல்தான் அம்முறை ஒழிந்தது. ஆகவே 1921இன் பார்வையாளருக்கு அச்சொல் புதுமையைவிடப் பழைய அடிமைத்தனத்தையே முதலில் உணர்த்தியிருக்கும்.

நாடகத்து ரோபோக்கள் உலோகப் பொறிகளும் அல்ல. உயிர்ப்பொருளை ஒத்த ஒரு பொருளால் தொழிற்சாலையில் உருவாக்கப்படும் மனிதவடிவினர் அவர்கள். உழைப்பதற்கென்றே படைக்கப்பட்டவருக்கு உரிமை உண்டா என்பதே நாடகத்தின் வினா. அவ்வினா சொல்லின் வேரிலேயே இடம்பெற்றிருந்தது.

வழக்கில் தேய்வு

ஆங்கிலம் அச்சொல்லை ஒலிவடிவில் ஏற்றது, வேர்ப்பொருளை ஏற்கவில்லை. ஐசக் அசிமோவ் 1941இல் ‘ரோபோட்டிக்ஸ்’ எனத் துறைப்பெயர் அமைத்தபோது ரோபோ பொறியியற் பொருளாகிவிட்டது. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ரோபோட்’ போக்குவரத்து விளக்கைக் குறிக்கின்றது. ‘சாட்பாட்’ போன்ற சொற்களில் எஞ்சும் ‘பாட்’ என்னும் குறுக்கம் ‘ரொப்’ என்னும் வேரையே சிதைத்து, ஈற்றை மட்டும் வைத்துக்கொள்கின்றது.

செக் மொழியிலேயே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அம்மொழியில் ஆண்பாற் பெயர்கள் உயிருள்ளவை, உயிரில்லாதவை எனப் பன்மை விகுதியால் வேறுபடும். சாப்பெக் தம் நாடகத்தில் உயிருள்ளவற்றுக்குரிய பன்மையையே அமைத்தார். இன்று சமையலறைக் கருவியைக் குறிக்கும்போது உயிரில்லாதவற்றின் பன்மை வருகின்றது. நாடகம் எழுப்பிய வினாவுக்கு அன்றாட வழக்கு விகுதி மாற்றத்தால் விடை கூறிவிட்டது எனலாம்.

தமிழில் திணை

தமிழ் இச்சொல்லை இரு வழிகளில் ஏற்றது. ‘ரோபோ’ ஒலிபெயர்ப்பு, ‘இயந்திர மனிதன்’, ‘எந்திரன்’ ஆகியவை ஆக்கங்கள். சங்க இலக்கியத்தில் கரும்பு பிழியும் பொறி ‘எந்திரம்’ எனப்படுதலின், அடிச்சொல் பழமையானது. எனினும் இவ்வாக்கங்கள் சாப்பெக்கின் சொல்லைப் பெயர்க்கவில்லை. ஆங்கில உலகின் உலோக உருவத்தையே பெயர்த்தன. உழைப்பு என்னும் கூறு இவற்றில் இல்லை.

ஆயினும் இவ்வாக்கங்களில் எதிர்பாராத பேறு ஒன்று உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே மக்களை உயர்திணையாகவும் ஏனையவற்றை அஃறிணையாகவும் பகுக்கின்றது. ‘எந்திரம்’ அஃறிணை, ‘-அன்’ விகுதி பெற்ற ‘எந்திரன்’ உயர்திணை ஆண்பால். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ என்னும் தலைப்பும் இத்தகையதே. ‘இயந்திரம்’ விளியேற்றால் ‘இயந்திரமே’ என்றாகும். ‘இயந்திரா’ என்பது ‘இயந்திரன்’ என்பதன் விளி. உவப்பினால் திணை மயங்குவதை இலக்கண நூலார் வழுவமைதியாக ஏற்பர். தலைப்பிலுள்ள விளியை அவ்வாறு கொள்ள இடமுண்டு. ‘எந்திரன்’ என்னும் பொதுப்பெயரோ மயக்கம் அன்று. அது திணையை மாற்றியே ஆக்கப்பட்ட சொல்.

2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படத்தில் ஆக்கியவரின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் சிட்டி, காதல் தோன்றியபின் மீறத் தொடங்கும் நிலை காட்டப்படுகின்றது. இக்கதையைத் தமிழில் உரைப்பவர் ‘மீறினான்’ என்பதா, ‘மீறியது’ என்பதா என முடிவுசெய்தாக வேண்டும். ஆங்கில வினைமுற்று இம்முடிவைக் கோருவதில்லை. வேர் இழந்த வினாவைத் தமிழ் விகுதி ஓரளவு மீட்டளிக்கின்றது.

‘வெட்டி’ என்னும் இணை

சொல் வழக்கில் தேய்வது இயல்பு. வேர்ப்பொருளைச் சுமக்க வேண்டுமென எதிர்பார்ப்பது பொருந்தாது என்று மறுக்கலாம். பொதுச்சொற்களுக்கு இம்மறுப்பு பொருந்தும். புனைவுச்சொல்லின் வேரோ படைப்பாளி தேர்ந்தது. படைப்பின் வாதத்தில் அதுவும் ஓர் உறுப்பு.

மேலும், ‘ரொபோதா’வுக்கு நிகரான சொல் தமிழில் இல்லாமலில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ ஊதியமில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்கின்றது. இன்று ‘வெட்டிப்பேச்சு’, ‘வெட்டி வேலை’ என்னும் வழக்குகளில் அது பயனின்மையைச் சுட்டுகின்றது. சுரண்டப்பட்ட உழைப்பைச் சுட்டிய சொல், இன்று உழைக்காதவரைப் பழிக்கின்றது. ‘ரோபோ’வின் தேய்வும் இதனின் வேறன்று. ‘ரோபோ நம் வேலையைப் பறித்துவிடும்’ என்னும் இன்றைய அச்சத்தில், யாருடைய கட்டாய உழைப்பால் அப்பெயர் தோன்றியது என்பது மறைந்துபோகின்றது.

முடிவுரை

புனைவுச்சொல் அன்றாட வழக்கில் நிலைபெறும்போது அது குறித்த பொருள் தங்குகின்றது. அது எழுப்பிய வினா நீங்குகின்றது. ‘ரோபோ’ என்னும் ஒலிபெயர்ப்பு வேரின் ஒலியைக் காத்துப் பொருளை இழந்தது. ‘எந்திரன்’ வேரை முற்றிலும் விட்டு, உயிருடையதா அன்றா என்னும் ஐயத்தைத் திணையில் பதித்தது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன; ஒன்றை நீக்கி மற்றதை நிறுவ வேண்டியதில்லை. தமிழ் அறிவியல் புனைவைத் திறனாய்வோர் கருவிகளின் புதுமையோடு நின்றுவிடாமல், கதைமாந்தர் எத்திணை முடிபு பெறுகின்றனர், யாருக்காக உழைக்கின்றனர் என்னும் இரண்டையும் சேர்த்து நோக்கினால், சாப்பெக் தொடங்கிய வினா தமிழிலும் தொடரும்.