முன்னும் பின்னும்: ஒரு பொத்தானை வாசித்தல்

ஒரு பொத்தானுக்கு விமர்சனமா என்று கேட்பீர்கள். கேட்கும் உங்களில் பெரும்பாலோர் இதைக் கைபேசியில்தான் வாசித்துக்கொண்டிருப்பீர்கள், ஒரு கட்டைவிரல் திரையின் ஓரத்தில் தயாராக நிற்கும். கட்டுரை சலித்தால் அந்த விரல் செய்யப்போகும் காரியம் ஒன்றுதான்: பின்செல். அச்சுப் புத்தகத்தின் அட்டை, எழுத்துரு, கட்டுமானம் பற்றியெல்லாம் நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். நம் தலைமுறையின் வாசிப்பை நடத்திக்கொண்டிருக்கிற இந்தச் சின்ன அம்புக்குறியை மட்டும் யாரும் வாசித்ததில்லை.

1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் உலாவியிலேயே பின்செல்லும் வசதி இருந்தது. கூடவே 'அடுத்தது', 'முந்தையது' என்று இரண்டு. அவற்றின் பொருள் இன்றைக்கு நமக்குத் தெரிந்தது அல்ல. நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்களோ, அந்தப் பக்கத்தின் அடுத்த இணைப்புக்கு 'அடுத்தது' உங்களைக் கொண்டுபோகும். வாசகன் ஒரு பட்டியலை வரிசையாகப் படித்துப் போவான் என்கிற நூலகத்துக் கற்பனை அது. பின்னால் வந்த உலாவிகள் அதைக் கைவிட்டு, நடந்துவந்த தடத்தில் முன்னும் பின்னும் போகும் இரண்டு அம்புகளை மட்டும் வைத்துக்கொண்டன. 2008-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 பின் அம்பைப் பெரிதாகவும் முன் அம்பைச் சிறிதாகவும் வரைந்து, சாவித்துவாரம் போன்ற ஒரு வடிவத்தில் சேர்த்து வைத்தது. வாசகர்கள் போவதைவிடத் திரும்புவதுதான் அதிகம் என்று ஒரு வரிகூட எழுதாமல் சொல்லிவிட்ட வடிவமைப்பு. என் பார்வையில் அது ஒரு நல்ல விமர்சனக் குறிப்பு.

தமிழுக்கு வரும்போது இந்த அம்பு இன்னும் சுவாரஸ்யமாகிறது. 'முன்பு' என்றால் கடந்த காலம், 'முன்னால்' என்றால் எதிரே இருப்பது. 'பின்பு' என்றால் இனி வருவது, 'பின்னால்' என்றால் முதுகுப்பக்கம். ஆக, 'பின்செல்' என்ற பொத்தானை அழுத்தினால் 'முன்பு' பார்த்த பக்கம் வருகிறது. 'முன்செல்' என்பதை அழுத்தினால் 'பின்பு' பார்த்தது வருகிறது. இடத்தைச் சொல்லும் சொல்லும் காலத்தைச் சொல்லும் சொல்லும் ஒரே வேரில் எதிரெதிர்த் திசையில் முளைத்திருக்கின்றன. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நடப்பவனுக்குக் கடந்துவந்த பாதை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நினைப்பவனுக்குக் கடந்தது எல்லாம் முன்னமே நடந்தது. உலாவியில் நாம் இரண்டு பேராகவும் இருக்கிறோம்.

கைபேசியில் பிரச்சினை சொல்லிலிருந்து உடம்புக்கு மாறுகிறது. ஸ்டீவன் ஹூபர் 2013-ல் வெளியிட்ட கள ஆய்வில், பொது இடங்களில் கைபேசியைப் பயன்படுத்திய 1,333 பேரைக் கவனித்துப் பதிவுசெய்தார். திரையைத் தொட்டு இயக்கியவர்களில் ஒற்றைக் கையில் பிடித்தவர்கள் 49 சதவீதம். அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் இடது கட்டைவிரலால் இயக்கினார்கள். திரையோ அதற்குப் பிறகு வளர்ந்துகொண்டே போனது, கட்டைவிரல் வளரவில்லை. மேல் மூலையில் ஒரு பொத்தானை வைப்பது, பரணில் உப்பு ஜாடியை வைப்பது மாதிரி.

இதற்கு வந்த பதில்களைப் பிரதிகளாக வைத்துப் படிக்கலாம். 2018-ல் வந்த ஓபரா டச், கீழே நடுவில் ஒரு வட்டப் பொத்தானை மிதக்கவிட்டது. அழுத்திப் பிடித்து இழுத்தால் தேடல், தாவல்கள் எல்லாம் விசிறிபோல விரியும். அழகான யோசனைதான். ஆனால் சொல்லித்தராமல் யாருக்கும் புரியாது. 2021-ல் ஆப்பிள், சஃபாரியின் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கியது. சோதனைப் பதிப்பிலேயே எதிர்ப்பு கிளம்ப, வெளியீட்டுக்குள் அதை மேலே ஏற்றிக்கொள்ளும் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் பட்டை மேலேயா கீழேயா என்பதை அமைப்புகளில் நாமே முடிவு செய்யலாம். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 பொத்தானையே எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து இழுத்தால் போதும் என்றது. இடது, வலது எந்த ஓரமானாலும் சரி. கைகளுக்கிடையே பேதம் பார்க்காத ஏற்பாடு என்று இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பொத்தான் இருந்தபோது குரோமில் அதை அழுத்திப் பிடித்தால் வந்த வழி முழுக்கப் பட்டியலாக விரியும். பொத்தான் மறைந்த பிறகு அழுத்திப் பிடிக்க என்ன இருக்கிறது?

பிள்ளையார்பட்டியில் இருக்கும் என் அம்மா தீவிரமான கைபேசி வாசகி. தொடர்கதைகள், சமையல், கோயில் வரலாறு எதையும் விடமாட்டார். பழைய கைபேசியில் பின்செல் வலப்பக்கம் இருந்தது, புதியதில் இடப்பக்கம். கதையின் முந்தைய அத்தியாயத்துக்குப் போக நினைத்து அழுத்தினால், திறந்துகிடக்கிற செயலிகளெல்லாம் சீட்டுக்கட்டாக வந்து நிற்கும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அமைப்புகளில் பொத்தான் வரிசையை மாற்றினேன், உலாவியின் பட்டையைக் கீழே இறக்கினேன். இரண்டு நிமிட வேலை. "இதை முதல்லயே இப்டி வெச்சுக் குடுத்திருக்கலாம்ல?" என்றார். பிறகு, "எந்தப் பக்கம் இருந்தாலும் சரி தம்பி. மறுபடி மாத்தாம இருந்தா போதும்."

வடிவமைப்பு பற்றி நான் வாசித்த பல புத்தகங்களைவிட இந்த இரண்டு வாக்கியங்கள் கூர்மையானவை. முதல் வாக்கியம், தேர்வு என்ற பெயரில் வேலையை நம் தலையில் கட்டுவதைக் கேள்வி கேட்கிறது. அமைப்புகளுக்குள் நான்கு அடுக்குக்குக் கீழே இருக்கிற ஒரு வசதி, அதைத் தேடத் தெரிந்த மகனோ மகளோ உள்ள வீட்டுக்கு மட்டும் இருக்கிற வசதி. இரண்டாவது வாக்கியம் நினைவைப் பற்றியது. எங்கள் ஊர்க் கற்பக விநாயகரின் தும்பிக்கை வலப்பக்கம் சுழித்தது. வழக்கமாக நாம் பார்க்கும் பிள்ளையார்களுக்கு அது இடப்பக்கம். குடைவரைச் சிற்பம் என்பதால் அதை யாரும் அடுத்த பதிப்பில் மாற்றப்போவதில்லை. வடக்கு பார்த்த சன்னதி, வலமாகச் சுற்றும் பிரகாரம் எல்லாம் அம்மாவின் கால்களுக்கே தெரியும். செட்டிநாட்டு வீடுகளிலும் அப்படித்தான். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நேர்கோட்டில் அடுக்கியிருப்பதால், வாசலில் நிற்பவருக்கே பின்கதவு தெரியும். உள்ளே எவ்வளவு தூரம் போனாலும் திரும்பும் வழி கண்ணில் இருக்கும்.

திரையில் அந்த உத்தரவாதம் இல்லை. சில தளங்கள் வாசகர் எதையும் தொடாமலே அவருடைய வரலாற்றில் போலிப் பக்கங்களைச் செருகிவிடும். எத்தனை முறை பின்செல் அழுத்தினாலும் அங்கேயே சுற்றவேண்டியதுதான். 2019-ல் குரோம், அப்படிச் செருகிய பக்கங்களைத் தாண்டிப்போகும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பொத்தானை எங்கே வைப்பது என்பதைவிட இதை நான் முக்கியமான வடிவமைப்பு முடிவாக நினைக்கிறேன். பின்செல் என்பது வாசகருக்குத் தரும் ஒரு வாக்கு: நீ நம்பி உள்ளே வா, வந்த வழி அப்படியே இருக்கும்.

நீண்ட கட்டுரை எழுதுகிறவர்களும் வெளியிடுகிறவர்களும் இந்த வாக்கைச் சார்ந்துதான் பிழைக்கிறோம். திரும்ப முடியும் என்று தெரிந்தால்தான் ஒருவர் இணைப்பைத் தொட்டு வேறெங்கோ போய்ப் பார்த்துவிட்டு, விட்ட வரிக்கு வந்து சேர்வார். ஆகவே ஒரு சின்ன வேலை. உங்கள் உலாவியின் அமைப்புகளைத் திறந்து, பட்டை உங்கள் கைக்குத் தோதாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒருமுறை கேட்டு வைத்துக்கொடுங்கள். வைத்த பிறகு, தயவுசெய்து மாற்றாதீர்கள்.