இராமச்சந்திரன் வரைபடம்: சொன்னதும் சொல்லாததும்

திருப்பூரில் பனியன் துணி பின்னுபவரைக் கேட்டுப் பாருங்கள். நூல் ஒன்றேயானாலும் பின்னல் மாறினால் சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக் எனத் துணி மாறும் என்பார். ஆனால் பருமனான நூலை நெருக்கமான ஊசிகள் கொண்ட இயந்திரத்தில் ஓட்ட முடியாது, இடம் போதாது. அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாகிய பெப்டைடுக்கும் இத்தகைய இடநெருக்கடி உண்டு. அதைக் கணக்கிட்டுக் காட்டியது, 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. பெப்டைடு மருந்துகளும் முகக் களிம்புகளும் பெருகிவிட்ட இந்நாளில் அதை மீண்டும் எடைபோடுவது நன்று.

கட்டுரையின் சிறப்பு அதன் எளிமையே. அணுக்களைக் கெட்டியான கோலிகளாகக் கொண்டு, சங்கிலி திரும்பக்கூடிய இரு கோணங்களை மாற்றி மாற்றிப் பார்த்தனர். அணுக்கள் இடித்துக்கொள்ளும் நிலைகளை நீக்கினர். படத்தின் பெரும்பகுதி நீங்கிவிட்டது. எஞ்சிய சில திட்டுகளில் ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் சரியாக அமைந்தன!

குறை யாது? இடிப்பதை மட்டுமே அது கூறுகிறது, ஈர்ப்பதைக் கூறவில்லை. ஒரு பெப்டைடு எதனோடு ஒட்டும், நீர் என்ன செய்யும் என்பவை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

செமாகுளூடைடு என்னும் நீரிழிவு மருந்தைப் பாருங்கள். உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 பெப்டைடை ஒரு நொதி சில நிமிடங்களில் வெட்டிவிடுகிறது. வெட்டுமிடத்தில் உள்ள அலனினுக்குப் பதிலாக, ஒரு மீத்தைல் தொகுதி கூடுதலாக உள்ள அமினோ அமிலத்தை வைத்தார்கள். நொதிக்கு இடம் போதவில்லை! இது வரைபடம் கற்பித்த பாடம். ஆனால் வாரம் ஓர் ஊசி போதும் என்றாக்கியதில், இரத்தத்தின் ஆல்புமினோடு ஒட்டும் கொழுப்பு அமில வாலுக்கும் பெரும் பங்குண்டு. அது ஈர்ப்பின் வேலை.

களிம்பு விளம்பரங்களையும் இப்படியே சோதிக்கலாம். கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறத்தாழ 3 லட்சம் டால்டன். தோலின் மேலடுக்கைக் கடக்க அதற்கு வழியில்லை. பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு என்பதோ ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்டது; எண்ணெய்ப் பசையுள்ள அவ்வடுக்கில் நுழைய உதவக் கொழுப்பு வால் சேர்த்திருக்கிறார்கள். ஆயினும் நுழைவது வேறு, பயன் தருவது வேறு. ஆய்வுக்கூடத் தட்டில் செல்கள் கொலாஜனைச் சுரந்தன என்பது முகச்சுருக்கம் மறையும் என்பதற்குச் சான்றாகாது.

சென்னை மூவர் தாங்கள் கணக்கிட்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூறவில்லை. விளம்பரம் எழுதுவோர் அவர்களிடம் கற்க வேண்டியது இதுவே.