கட் பண்ணா, ஸ்கூல் வாசல்

இந்த ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கிய வாரம், மகளின் பள்ளிச் செயலியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கட்டணத்துக்குக் கடைசித் தேதி, தண்ணீர் பாட்டிலில் பெயர் ஒட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் முடிந்து ஏழாவதாக ஒரு வரி. பிள்ளைகளைக் கொண்டுவிட வரும் பெற்றோர் கண்ணியமான உடையில் வரவேண்டும், நைட்டி, ஷார்ட்ஸ் போன்றவற்றைத் தவிர்க்கவும்.

மனைவி அதைச் சத்தமாக வாசித்துவிட்டுக் கேட்டாள்: "கண்ணியம்னா எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு கட்டுரைக்கான யோசனையும் வந்தது, எங்கள் இனத்தின் சாபம் அது. தமிழ்த் திரையில் நைட்டி என்று தலைப்புகூட வைத்துவிட்டேன். இரண்டு வாரம் குறிப்பெடுத்த பிறகு தெரிந்தது, எழுத ஒன்றுமே இல்லை. வடிவேலு கால நகைச்சுவையில் சண்டைக்கு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரி, தண்ணீர் லாரி வரிசையில் ஒரு கூட்டம், அவ்வளவுதான். தெருவில் இறங்கினால் பத்து நிமிடத்தில் இருபது நைட்டி பார்க்கலாம். படத்தில் நாயகியாக, அம்மாவாக, மரியாதைக்குரிய ஒருத்தியாக நைட்டியில் ஒருவர் நடமாடி எப்போது பார்த்தோம்?

தெருவில் நைட்டிக்கு ஓர் ஆரம் உண்டு. வெறும் நைட்டி வீட்டு வாசற்படி வரை. மேலே துண்டு போட்டால் கேட் வரை, காய்கறி வண்டிக்காரர் வரை, குப்பை வண்டி வரை. துண்டுக்குப் பதில் துப்பட்டா என்றால் தெருமுனைக் கடை வரை போகலாம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, ஆனால் எங்கள் மேடவாக்கம் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் எல்லை தெரியும். பள்ளிக்கூடம் அந்த எல்லையில் இருக்கிறது. அங்கேதான் தகராறு.

இந்தத் தகராறு நமக்கு மட்டுமானதும் இல்லை. 2016இல் இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி, பைஜாமாவோடு பிள்ளைகளைக் கொண்டுவிட வராதீர்கள் என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பியது. உழைக்கும் மக்கள் வாழும் பகுதி அது. 2018இல் ஆந்திராவின் தோக்கலப்பள்ளி கிராமத்தில் காலை 7 முதல் மாலை 7 வரை நைட்டி போட்டுக்கொண்டு வெளியே வந்தால் 2000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். காட்டிக்கொடுப்பவருக்கு 1000 ரூபாய் பரிசும் உண்டு. இரவு ஏழுக்கு மேல் கண்ணியம் தூங்கப் போய்விடும் போல.

சினிமாவுக்கு வருகிறேன். கௌரி ஷிண்டேயின் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' (2012) ஒரு காலையில்தான் தொடங்குகிறது. ஸ்ரீதேவி எழுந்து தனக்கென்று ஒரு காபி போட்டுக்கொண்டு செய்தித்தாளோடு உட்காருகிறார், வீடு அவரை விடுவதில்லை. ஒரு வசனம் இல்லாமல் அந்த வீட்டின் கணக்கு முழுக்க நமக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு மகளின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. அம்மாவின் ஆங்கிலத்தால் மகள் கூசிப்போகிறாள். நல்ல காட்சி, நடிப்பும் அப்படி. ஆனால் கூசவேண்டியது மொழிக்காக மட்டும்தான் என்பதில் படம் மிகக் கவனமாக இருக்கிறது. ஸ்ரீதேவியின் சேலைகளை வடிவமைத்தவர் சப்யசாசி. அந்தக் காட்டன் சேலைகள் படத்துக்குப் பிறகு கடைகளில் தனியாக ஓடின. வீட்டில் அவமானப்படும் பெண்ணின் மேல் ஒரு கசங்கலும் இல்லை. நம் அனுதாபத்தைப் பெற அவர் முதலில் அழகாக உடுத்தியிருக்க வேண்டும் என்று படம் நினைக்கிறது. அதே வசனத்தை அதே பள்ளியில், மஞ்சள் கறை படிந்த நைட்டியில் நின்று ஒருவர் பேசியிருந்தால் நாம் மகள் பக்கம் சாய்ந்திருப்போமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. எனக்கே என் மேல் உள்ள சந்தேகம் அது.

இன்னொரு பக்கம் அட்லியின் 'தெறி' (2016). விஜய் தினமும் மகளைத் தாமதமாகப் பள்ளியில் விடுகிறார். டீச்சர் கோபப்படுகிறார். தியேட்டர் கொஞ்சிக் குழைகிறது. அப்பா தாமதமாக வந்தால் அது குறும்பு, பாசம், ஒரு காதல் கதைக்கு முதல் அத்தியாயம். அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? அந்தப் பாத்திரம் ஓர் அம்மாவாக இருந்து, தினமும் எட்டேகாலுக்கு வந்து அசட்டுச் சிரிப்பு சிரித்திருந்தால், இடைவேளைக்குள் திருந்தியிருக்க வேண்டும். ராமின் 'தங்கமீன்கள்' போன்ற விதிவிலக்குகள் உண்டுதான், ஆனால் அங்கே கேள்வி பள்ளிக் கட்டணம், அது வேறு வலி.

ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) வந்தபோது நான் ஒரு நீண்ட பாராட்டு எழுதினேன். மாமியார் மாமனாருக்கு டூத்பிரஷ் கொண்டுவந்து கொடுப்பதையும், வெளியே கிளம்பும்போது செருப்பு எடுத்து வைப்பதையும், ஒழுகும் சிங்க்கையும் பற்றிப் பத்தி பத்தியாக. இப்போது மறுபடி பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் போகிற ஒரே ஆள் வாத்தியாரான புருஷன்தான். அந்தச் சமையலறை முழுக்க வளர்ந்தவர்களுக்கானது. அதனால்தான் நாயகியால் ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வெளியேறி நடக்க முடிகிறது. எட்டு ஐந்துக்குக் கேட் மூடும் பள்ளி ஒன்று கதையில் இருந்திருந்தால் அவள் அழுக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடுத்து ரிப்பன் தேடப் போயிருப்பாள். இது படத்தின் குறை இல்லை. நான் அதைக் கவனிக்காமல் பாராட்டியது என் குறை.

மனைவியின் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க நான் ஒரு வேலை செய்தேன். சிரிக்காதீர்கள், ஒரு கான்ட் சார்ட் போட்டேன். தொழில் புத்தி. 5:40 அலாரத்திலிருந்து 7:50க்கு வண்டி கிளம்புவது வரை எல்லாம் கட்டம் கட்டமாக: பால், குக்கர், காய், மதிய டப்பா, ஸ்நாக்ஸ் டப்பா, மகளை எழுப்புதல் (மூன்று முறை), பல், குளியல், எண்ணெய், இரட்டைப் பின்னல், இடது சாக்ஸைத் தேடுதல், டைரியில் கையெழுத்து. என் வரிசையில் இரண்டு கட்டம்தான் இருந்தது. காபி, ஏழரை மணி அமெரிக்க கால். அந்தக் காலைக் காரணம் காட்டித்தான் பள்ளி வேலையிலிருந்து நான் மூன்று வருடமாகத் தப்பித்து வந்தேன். பெருமையாக அவளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல நான் குளிக்கிறது எங்க இருக்கு?" என்றாள்.

இல்லை. நான் போடவே இல்லை. என் மனதில் அவள் அடுப்படியிலிருந்து நேராகப் பள்ளி வாசலில் போய் நின்றாள்.

"குளிச்சுட்டு அடுப்பு முன்னாடி நின்னா குளிச்சதுக்கு அர்த்தமே இல்ல. டப்பா கட்டிட்டுக் குளிச்சா கேட் மூடிடுவான். விட்டுட்டு வந்து குளிச்சு, ஒம்பது மணிக்கு பேங்குக்கு ஒழுங்காத்தான போறேன்?"

உதவி இயக்குநர்கள் கதை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "கட் பண்ணா, ஸ்கூல் வாசல் சார். குழந்தை டாட்டா காட்டுது." அந்தக் கட்டுக்குள் என்ன நடந்தது என்று கதை கேட்கும் தயாரிப்பாளரும் கேட்பதில்லை, பார்க்கிற நாமும் கேட்பதில்லை. ஐந்தரை மீட்டர் சேலை தானாகக் கட்டிக்கொள்கிறது, கொசுவம் தானாக விழுகிறது, வியர்வை தானாகக் காய்கிறது. அந்த இருபது நிமிடத்தை வெட்டி எறிய ஒரு எடிட்டரால் முடியும், அவளால் முடியாது. அதனால் அவள் உடுத்துவதை வெட்டிவிடுகிறாள். சினிமாவின் கட் விழும் இடத்தில்தான் நைட்டி இருக்கிறது. அதனால்தான் இரண்டு வாரம் தேடியும் எனக்கு அது கிடைக்கவில்லை.

இலக்கியத்தில் கட் பண்ணாதவர்கள் இருந்திருக்கிறார்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' எழுபதுகளின் நாவல், நைட்டி நம் தெருக்களுக்கு வருவதற்கு முந்தைய உலகம். தண்ணீர் தேடி அலையும் பெண்களோடு அவர் கூடவே நடப்பார். குடம் நிரம்பும்வரை காத்திருப்பார், வாசகனையும் காத்திருக்க வைப்பார். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' அடுக்களையை அளந்து பார்த்த கதை. இவர்களுக்குப் பின் வந்த நாம் அப்பார்ட்மெண்ட், ஐ.டி., தனிமை, மனச்சோர்வு என்று எவ்வளவோ எழுதிவிட்டோம். காலை ஏழிலிருந்து எட்டு வரை ஒரு மணி நேரத்தை அப்படியே எழுதிய ஒரு சிறுகதை, என் வாசிப்பில், இன்னும் வரவில்லை. நம்மில் பாதிப் பேர் அந்த நேரத்தில் ஹெட்போனில் இருக்கிறோம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து, திருச்சியில் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். போன் வந்தது.

"டேய், நான் நாலரைக்கு எழுந்து சமைச்சு, சேலை கட்டி, முந்தானைக்குப் பின் குத்தி ஏழரைக்கு ஸ்கூல்ல இருக்கேன். பின் குத்தலன்னா எனக்கு மெமோ. எனக்கு மட்டும் அந்த இருபது நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சு? நைட்டில வந்து நின்னு என் கிளாஸ் பிள்ளை மார்க் பத்திக் கேக்குறப்ப எனக்கு எரியுது. அதையும் எழுது."

எழுதிவிட்டேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளுடைய எரிச்சல் நியாயமாகவே படுகிறது, அது ஏன் நைட்டிக்காரி மேல் மட்டும் பாய்கிறது என்பது மட்டும் எனக்கு இடறுகிறது. அத்தான் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் வரிசையிலேயே இரண்டு கட்டம்தான்.

அமெரிக்க காலை எட்டரைக்கு மாற்றச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டேன். ஒரே பதிலில் மாற்றிவிட்டார்கள். மூன்று வருடமாகக் கேட்டுப் பார்த்திருக்கலாம். அடுத்த இரண்டு வாரம் மகளை நான் கொண்டுவிட்டேன், வேண்டுமென்றே ஷார்ட்ஸும் சாயம் போன டி-ஷர்ட்டுமாக. சுற்றறிக்கையில் ஷார்ட்ஸும் இருக்கிறதே, யாராவது நிறுத்தட்டும், கட்டுரைக்கு ஆகும் என்று ஆசை. காவலாளி தினமும் "குட்மார்னிங் சார்" சொன்னார். பத்தாவது நாள் அருகில் வந்தார். இன்றைக்குத்தான் என்று நினைத்தேன். "சார் எந்தக் கம்பெனி? அண்ணன் பையன் பி.இ. முடிச்சுட்டு சும்மா இருக்கான்."

மூன்றாவது வாரம் எனக்குக் காய்ச்சல். காலையில் டப்பாக்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு மனைவி வண்டிச் சாவியைத் தேடினாள். முதல் வாரமே அவளை ஒருமுறை கேட்டில் நிறுத்தி, மேடம் சர்க்குலர் பாக்கலையா என்று கேட்டிருக்கிறார்கள், என்னிடம் சொல்லவில்லை. பரணிலிருந்து மழைக்கோட்டை எடுத்து உதறி, நைட்டியின் மேல் போட்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டாள். நியூயார்க்கில் ஸ்ரீதேவி சேலைக்கு மேல் போட்டிருந்த கோட்டு எனக்கு நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை. வெளியே ஏப்ரல் வெயில், ஏழே முக்காலுக்கே தார் மின்னியது. மகள் பின்னால் ஏறிக்கொண்டு, "அம்மா, மழையே வரலியே" என்றாள்.

"வரும், நீ புடிச்சுக்கோ."