ஊதா விளக்கின் கணக்கு

ஊதா விளக்கு, அதைச் சுற்றி உயர் மின்னழுத்தக் கம்பி வலை, பூச்சி பட்டால் 'பட்' என்று ஒரு பொறி. இதை வீட்டிலேயே செய்யலாமா? செய்யலாம்; சுற்று எளிது. ஆனால் அது எதைக் கொல்கிறது, எதையெல்லாம் கொல்லக்கூடும் என்று பார்க்காமல் மதிப்பெண் போட முடியாது.

எதைக் கொல்கிறது என்ற கேள்விக்கு எண்ணிப் பார்த்தே விடை சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தின் ஃப்ரிக், டாலமி இருவரும் 1994 கோடையில் ஆறு கருவிகளில் விழுந்த பூச்சிகளை ஆராய்ந்தனர். மொத்தம் 13,789. அவற்றில் மனிதரைக் கடிப்பவை 31. பிற பூச்சிகளைத் தின்றோ ஒட்டுண்ணியாக அழித்தோ நமக்கு உதவுபவை 1,868! கொசு தேடி வருவது நம் மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயுவையும் உடற்சூட்டையும் வாடையையும்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது; இரவு விளக்கு அதை என்ன செய்யும்?

கொசு போகட்டும், அடுக்களை ஈக்களாவது ஒழியட்டும் என்றால், அங்கே வேறு சிக்கல். பொறியில் வெடிக்கும் ஈயின் துகள்களோடு கிருமிகளும் காற்றில் பரவுவதைக் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

இனி மின்சாரம். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி வலைக்கு இணைப்பவர்கள் உண்டு. அது சுமார் 2,000 வோல்ட்டில் நூற்றுக்கணக்கான மில்லியாம்பியர் தரும். தொட்டவர் பிழைப்பது அரிது. 'மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதே' என்ற தைரியம் இங்கே செல்லாது. ஆள் வழியே மின்சாரம் பாய்வது டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கச் சுற்றில். ஆர்சிசிபி கண்காணிக்கும் இரு கம்பிகளிலும் மின்னோட்டம் சமமாகவே இருக்கும், அது துண்டிக்காது. 230 வோல்ட் லைனிலிருந்து டையோடும் கெபாசிட்டரும் அடுக்கி மின்னழுத்தத்தை ஏற்றுவதும் ஆபத்தே. வலைக்கும் லைனுக்கும் நடுவே தடுப்பே இல்லை.

வலைக்குக் கொசு பேட்டின் போர்டை இணைப்பது வேறு ரகம். 1,500 வோல்ட் ஏறிய 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் இருப்பது ஏறத்தாழ 0.025 ஜூல். கொசுவுக்கு அது போதும். நமக்குச் சுரீர் என்பதோடு சரி. அணைத்த பிறகும் அந்த மின்னேற்றம் தங்காமல் வடிய, கெபாசிட்டருக்குக் குறுக்கே ஒரு மின்தடை வேண்டும். மின்னணுவியல் பழகும் மாணவருக்கு, கூட ஒரு பெரியவர் இருந்தால், நல்ல பாடம்.

ஆனால் அந்தப் போர்டை விளக்கோடு இணைத்ததும் பேட்டின் ஒரே சிறப்பு போய்விடுகிறது. பேட்டில் எதை அடிப்பது என்று தீர்மானிப்பது கை. விளக்கில், ஒளிக்கு மயங்கும் அப்பாவிகள்தான் பலி. ஆகவே என் மதிப்பீடு: பேட் தேறும், அதன் போர்டில் செய்த விளக்கு பயிற்சிக்கு மட்டும் தேறும், கொசு ஒழிப்புக்குத் தேறாது. மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரிலும் நேரடி லைனிலும் செய்வதைத் தேர்வுக்கே அனுமதிக்கக் கூடாது.